எக்ஸ்போஷர்: அளவு யாருடையது?

(ஆத்தூரில் மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்குமாக நடந்த புகைப்படப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலிருந்து கேமராவையும் செல்போனையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எப்ப வெளியே விடுவாங்க, எப்ப படம் புடிக்கலாம் என்றிருக்கும். அதற்கு முன்னால் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். எக்ஸ்போஷர். ஸ்டூடியோவில் எடுபிடி வேலைக்குச் சேருகிற பையன்கூட முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற சொல் இது. "எக்ஸ்போஷர் பத்தல", "ஓவர் ஆயிடுச்சு", "அண்டர்ல விழுந்துடுச்சு" என்று நாளைக்குப் பத்து தடவை சொல்லுவோம். அன்றாடம் புழங்குகிற சொல் என்பதாலேயே அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சரியான எக்ஸ்போஷர் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அது யாருக்குச் சரி? அந்த அளவை நிர்ணயித்தது யார்? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு சேரிக்குள் போனால், ஊர்க்காரன் எடுக்கிற படத்தைத்தான் நாமும் எடுத்துக்கொண்டு வருவோம்.

முதலில் பொருள். பிலிம் மீதோ, இன்றைக்கு சென்சார் மீதோ, நாம் விழவிடுகிற வெளிச்சத்தின் மொத்த அளவுக்குப் பெயர்தான் எக்ஸ்போஷர். வயலுக்குத் தண்ணி கட்டுவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மடையை எவ்வளவு அகலம் வெட்டிவிடுகிறோம், எவ்வளவு நேரம் விட்டுவைக்கிறோம் என்ற இரண்டையும் பொறுத்துத்தானே வயலில் தண்ணி நிற்கும்? கேமராவில் அந்த அகலத்துக்குப் பெயர் அப்பர்ச்சர். நேரத்துக்குப் பெயர் ஷட்டர் ஸ்பீடு. மூன்றாவதாக மண் இருக்கிறது. களிமண்ணுக்குக் கொஞ்சம் தண்ணி போதும், மணலுக்கு எவ்வளவு விட்டாலும் பத்தாது. அதுபோல, எவ்வளவு வெளிச்சத்துக்கு சென்சார் நிறைவாகும் என்பதை அய்.எஸ்.ஓ. எண் சொல்கிறது. எண் கூடினால் கொஞ்ச வெளிச்சமே போதும். வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கினாலும் பாதியாக்கினாலும் அதை ஒரு ஸ்டாப் என்போம். எஃப் 8இலிருந்து எஃப் 5.6க்குத் திறந்தால் ஒரு ஸ்டாப் கூடும். நொடியில் 125இல் ஒரு பங்கு என்றிருப்பதை 60இல் ஒரு பங்காக்கினாலும் அதே ஒரு ஸ்டாப்தான் கூடும். இவ்வளவுதான் கணக்கு.

இந்த உவமையோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு வயலும் இல்லை, மடையும் இல்லை. தண்ணி கட்டினது மட்டும் நம்ம ஆளுங்க. எந்த வயலுக்கு எவ்வளவு என்று சொன்னவன் வரப்பில் குடையோடு நின்றான். கேமராவுக்குள்ளும் அப்படி உத்தரவு போடுகிறவன் ஒருவன் இருக்கிறான். அதைத்தான் மீட்டர் என்கிறோம்.

மீட்டருக்கு எதிரே நிற்பது ஆளா, சுவரா, எருமையா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுச்சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் என்று பாடப்புத்தகங்களில் எழுதுவார்கள். கோடாக் கம்பெனி இதற்காகவே 18 விழுக்காடு சாம்பல் அட்டை ஒன்றை விற்றது. வெள்ளைச் சுவரைக் காட்டினால், "வெளிச்சம் அதிகம்" என்று குறைத்து அதைச் சாம்பலாக்கும். கருப்புக் கம்பளியைக் காட்டினால், "வெளிச்சம் பத்தல" என்று ஏற்றி அதையும் சாம்பலாக்கும். இன்றைய கேமராக்கள் காட்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அளக்கின்றன, செல்போன்கள் முகத்தைத் தேடிப் பிடிக்கின்றன. உண்மைதான். ஆனாலும் சராசரி ஒன்றை வைத்துக்கொண்டு உலகத்தை அதற்குள் இழுத்துப் போடுகிற வேலை நிற்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். ஆத்தூரைச் சுற்றி எத்தனை குச்சிக்கிழங்கு மில்லுகள் இருக்கின்றன, உங்களுக்கே தெரியும். கிழங்கை அரைத்து எடுத்த மாவும் ஜவ்வரிசியும் சிமெண்டுக் களத்தில் வெயிலில் காய்கிறது. உச்சி வெயிலில் அந்தக் களத்தை வெறும் கண்ணால் பார்க்க முடியாது, கண் கூசும். அதன் நடுவில் ஒரு பெண் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாவைக் கிளறிக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஒரு படம் எடுக்கிறீர்கள். மீட்டர் என்ன செய்யும்? படத்தில் முக்கால்வாசி வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தைக் குறைக்கும். மாவு பாந்தமாக, துகள் துகளாகப் பதிவாகும். அந்தப் பெண்ணின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கருப்பு ஓட்டை இருக்கும். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை.

படத்தைப் பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? "ஆளு கருப்புங்க, அதான் படம் அப்படி விழுந்திருக்கு." காலங்காலமாக ஸ்டூடியோக்களில் நம் ஆட்களிடம் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் பவுடர் டப்பாவை வைத்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா" என்பார்கள். அது போதாதென்று பென்சிலால் நெகட்டிவில் டச்சிங். தோழர்களே, இதில் ஆளின் தப்பு ஒன்றுமே இல்லை. மாவை அளந்துவிட்டு மனுசியைப் படம் எடுத்தால் மனுசி இருட்டாகத்தான் இருப்பார். தப்பு அளவில் இருக்கிறது. பழி ஆள் மேல் விழுகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பண்டத்துக்கு ஊர்ப்பெயரும் அடையாளமும் வந்துவிட்டது. களத்தில் நிற்கிறவருக்கு ஒரு படத்தில் முகம் வருவதற்கே நாம் ஒன்றரை ஸ்டாப் போராடவேண்டியிருக்கிறது.

அதை எப்படிச் செய்வது? கிட்டப் போய் முகத்தை மட்டும் அளங்கள். அல்லது எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற பொத்தானில் ஒன்று, ஒன்றரை என்று ஏற்றுங்கள். செல்போனாக இருந்தால் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் அளவு அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு சின்னப் படம் வரும், அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும். இப்போது முகம் வந்துவிடும். மாவு வெளுத்துப்போய் விவரமே இல்லாமல் ஆகிவிடும். ஆகட்டும். எல்லாவற்றையும் ஒரே படத்தில் காப்பாற்ற முடியாத வெயிலில் எதை விட்டுக்கொடுப்பது என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். நீங்கள் முடிவெடுக்காவிட்டால் மீட்டர் எடுத்துவிடும். மீட்டர் எடுக்கிற முடிவில் விட்டுக்கொடுக்கப்படுவது எப்போதும் யார் என்று பார்த்துவிட்டோம்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. ஒரு கருத்த முகத்தைக் கிட்டப் போய், சட்டமே நிறையும்படி எடுத்தால், மீட்டர் வெளிச்சத்தை ஏற்றி அந்தத் தோலைச் சாம்பல் பூத்ததாக ஆக்கிவிடும். "பாரு, எவ்வளவு கலரா விழுந்திருக்க" என்று அதைக் காட்டி மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் பொய்தான். அங்கே அரை ஸ்டாப், முக்கால் ஸ்டாப் குறைக்கவேண்டும். கருப்பு, கருப்பாகவே மினுமினுப்போடு வரவேண்டும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வெளிச்சம் எப்படி வழிகிறது என்று கவனித்தால் அது எவ்வளவு விவரம் நிறைந்த நிறம் என்று தெரியும்.

சராசரி என்பது வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. மேலை நாடுகளில் கலர் பிலிம் பரவிய காலத்தில், கடைகளில் பிரிண்டு போடும் இயந்திரத்தைச் சரிபார்க்க கோடாக் கம்பெனி ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். அந்த அட்டைக்கு ஷெர்லி கார்டு என்றே பெயர் ஆகிவிட்டது. ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. உலகம் முழுக்க அதே அளவு. கருப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கிற பள்ளிக்கூட குரூப் போட்டோவில் கருப்புப் பிள்ளைகளுக்குப் பல்லும் கண்ணும் மட்டும் தெரிகிறது என்று அமெரிக்காவில் தாய்மார்கள் குறை சொன்னார்கள். கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். அவர் சொல்வதில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டும்படி பிலிமை மாற்றுவதற்குக் கம்பெனியை அசைத்தது சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தந்த அழுத்தம். கருப்புச் சாக்லேட்டுக்கும் வெளிர் சாக்லேட்டுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று அவர்கள் புகார் செய்தார்கள். மனிதர்கள் கேட்டபோது விஞ்ஞானத்தின் எல்லையாக இருந்தது, சரக்கு கேட்டபோது தீர்க்கக்கூடிய சிக்கலாக மாறிவிட்டது. மூன்று நிறப் பெண்களைக் கொண்ட மாதிரி அட்டை வந்தது 1990களில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாதியும் நிறமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் வெளுத்த தலித்தும் உண்டு, கன்னங்கரேலென்ற பார்ப்பனரும் உண்டு. தீண்டப்படாதோர் தனி இனம் என்ற வாதத்தை அம்பேத்கர் 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதோர்' நூலில் மறுத்தார். மூக்கின் அளவை வைத்து இனம் பிரித்தவர்களின் அளவுகளையே எடுத்து, அந்தக் கணக்குப்படி பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனமாகத்தானே வருகிறார்கள் என்று காட்டினார். அளந்தவனின் அளவுகோலை வைத்தே அவனை மடக்குகிற முறை அது. ஆகவே நான் சொல்வது நிறத்தைப் பற்றி மட்டும் அல்ல. வெயிலில் நின்று வேலை செய்கிறவர்கள் யார், நிழலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் யார் என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. யாரைச் சராசரியாக வைத்து அளவு போடுவது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

மூக்கை அளந்த கதை என்றதும் சென்னைக்கு வரவேண்டும். எக்ஸ்போஷர் என்ற சொல்லுக்கு இங்கே இரண்டாவது பொருள் தொடங்குகிறது. பாதுகாப்பில்லாமல் பிறர் பார்வைக்கு ஆட்படுவது. கேமரா இந்தியாவுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே ஆட்சியாளர்கள் அதை நம்மை நோக்கித் திருப்பினார்கள். 1868லிருந்து 1875க்குள் 'இந்திய மக்கள்' என்று 8 தொகுதிகள் லண்டனில் வெளியாகின. அதிலே சாதி வாரியாக, பழங்குடி வாரியாகப் படங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடு ஊர் ஊராகப் போனவர். அந்தத் தொகுதிகளைப் புரட்டிப் பாருங்கள். பல படங்களுக்குக் கீழே சாதிப்பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அவரிடம் யாராவது, "உங்களைப் படம் எடுக்கலாமா" என்று கேட்டிருப்பார்களா? அவர் எந்த ஊர், என்ன வேலை செய்தார், பிள்ளைகள் எத்தனை? ஒன்றும் தெரியாது. வெளிச்சம் என்னமோ சரியாகத்தான் விழுந்திருக்கிறது. மனுசன்தான் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் கருப்பின மக்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்கவேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்க, அமெரிக்காவின் போலராய்டு கேமராக்கள் பயன்பட்டன. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கருப்பினத் தொழிலாளிகள் 1970இல் இதைக் கண்டுபிடித்து எதிர்த்துப் போராடத் தொடங்கினார்கள். 1977இல் போலராய்டு அந்த நாட்டை விட்டே வெளியேறியது. கேமரா கம்பெனியை அம்பலப்படுத்தியது கேமரா கம்பெனியின் தொழிலாளிகளேதான்.

நம் கிராமங்களில்? நூறுநாள் வேலைக்குப் போன பெண்களைக் கேளுங்கள். 2023 சனவரி 1 முதல், வேலை நடக்கும் இடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, நேரமும் இடமும் பதியும்படி செல்போனில் படம் எடுத்து ஏற்றவேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. சிக்னல் இல்லையென்றாலும், படம் ஏறவில்லையென்றாலும் கூலி போகும். காலை முழுக்க மண் வெட்டின கை சாட்சி இல்லை, படம்தான் சாட்சி. நம்மைப் படம் எடுக்கிறவனுக்கு நாம் ஆள் கணக்கு. அந்தப் படத்தில் நம் முகம் எப்படி விழுந்தது என்பது அவனுக்குக் கவலையில்லை, தலைகளை எண்ண முடிந்தால் போதும்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டுக் கேமராவே நமக்கு வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலேயே அதிகமாகப் படம் எடுத்துக்கொண்டவர் என்கிறார்கள். சுமார் 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. வெள்ளைக்காரன் வரைந்த கேலிச்சித்திரங்களில் கருப்பர்கள் பல்லைக் காட்டி இளித்துக்கொண்டிருந்த காலத்தில், டக்ளஸ் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, சிரிக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நம் கதையும் அதுதானே. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் கோட்டு சூட்டோடு நிற்கிற படங்களை நம் மக்கள் ஏன் இன்றுவரை வீட்டில் மாட்டிவைத்திருக்கிறார்கள்? அந்தப் படங்களில் அவர்கள் யாருக்கும் எக்ஸ்போஸ் ஆகவில்லை. தங்களைத் தாங்களே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

மூன்றாவது பொருளுக்கு வருகிறேன். பத்திரிகைக்காரர்கள், "எக்ஸ்போஸ் பண்ணிட்டோம்" என்பார்கள். தமிழில் அம்பலப்படுத்துதல். இந்தச் சொல்லை நன்றாகக் கவனியுங்கள். அம்பலம் என்றால் எல்லாரும் கூடுகிற பொது இடம், சபை, கோயில் மன்று. ஒன்றை அம்பலப்படுத்துவது என்றால் மறைத்து வைத்ததை அந்தப் பொது இடத்தில் கொண்டுவந்து போடுவது. ஆனால் அந்த அம்பலத்துக்குள் நம்மை விட்டார்களா? சேரிக்காரன் குற்றவாளியாக இழுத்துவரப்பட்டபோது மட்டும் அம்பலத்தின் ஓரத்தில் கைகட்டி நின்றான். வாதியாக ஒருநாளும் அங்கே நின்றதில்லை. ஆகவே தோழர்களே, நம் கையில் கேமரா வருவது என்பது அம்பலத்துக்குள் நாம் நுழைவதற்குச் சமம்.

இதற்கு வெகுதூரம் போகவேண்டாம். பக்கத்து மாவட்டம், திருச்செங்கோடு. ஓமலூரைச் சேர்ந்த தலித் மாணவர் கோகுல்ராஜ் 2015 சூன் 23 அன்று அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு வேறு சாதியைச் சேர்ந்த தோழி ஒருவரோடு போனார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவரது உடல் கிடைத்தது. ரயில் பாதையில் உடல் கிடைத்தால் ஊர் வழக்கப்படி என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வழக்கில் அப்படி எழுதி முடிக்க முடியாமல் போனதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, கோயிலில் இருந்த கண்காணிப்புக் கேமராக்களின் பதிவு. முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவரை மறுபடி அழைத்துப் பதிவைப் போட்டுக் காட்டியபோதும், அதில் இருப்பது தான் இல்லை என்றார். ஒரு சாட்சியின் மேல் என்னென்ன அழுத்தம் இருந்திருக்கும் என்று நாம் யோசிக்கவேண்டும், அவரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. 2023 சனவரியில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேசும் என். ஆனந்த் வெங்கடேசும் நேராகத் திருச்செங்கோட்டுக்கே வந்து, கேமராக்கள் எங்கெங்கே இருந்தன என்று பார்த்தார்கள். ஒரு சாதி அமைப்பின் தலைவரான யுவராஜ் உள்ளிட்ட 10 பேரை 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் தண்டித்திருந்தது. யுவராஜின் ஆயுள் தண்டனையை 2023 சூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

அந்தக் கேமராவை யாரும் நமக்காக மாட்டவில்லை. உண்டியலையும் கூட்டத்தையும் பார்க்க மாட்டியது. ஆனாலும் அதில் பதிந்தது அழியாமல் காக்கப்பட்டதால், அது முறையாக நீதிமன்றத்துக்குள் வந்ததால், நின்றது. எத்தனை ஊர்களில் எத்தனை கொலைகள் கேமரா இல்லாத இடத்தில் நடந்து தற்கொலையாகவும் விபத்தாகவும் எழுதப்பட்டிருக்கின்றன! அதனால்தான் இந்த முகாமில் அழகான சூரிய உதயம் எடுக்கச் சொல்லித்தராமல் இதைப் பேசுகிறோம்.

ஆகவே களத்துக்குப் போகும்போது செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. வன்கொடுமை நடந்த இடத்தில் முதலில் தூரத்திலிருந்து முழு இடமும் தெரிய ஒரு படம். பிறகு நடுத் தொலைவு. பிறகு கிட்டத்தில், காயமோ உடைப்போ என்ன அளவு என்று தெரிய ஓர் அளவுகோல் வைத்து. ஒவ்வொன்றையும் மூன்று எக்ஸ்போஷரில் எடுங்கள். மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று. கருத்த தோலின் மேல் பட்ட கன்றிய காயம் சாதாரண எக்ஸ்போஷரில் தெரியாமலே போய்விடும். "படத்துல ஒண்ணும் தெரியலையே" என்று காவல் நிலையத்தில் சொல்லிவிடுவார்கள். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் தோல் பளபளத்து அதுவும் மறைந்துவிடும். சன்னல் பக்கம் உட்காரவைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள்.

இரண்டு. மூலப் படத்தைத் தொடாதீர்கள். வெளிச்சம் கூட்டுவது, வெட்டுவது எல்லாவற்றையும் பிரதியில் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், நேரம், இடம் பற்றிய விவரங்களும் போய்விடும். அனுப்பியே ஆகவேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சாட்சியத்தோடு சான்றிதழ் கேட்கிறது. கருவியைக் கையாண்டவர் தரும் பகுதி ஒன்று, நிபுணர் தரும் பகுதி ஒன்று. கோப்பின் ஹாஷ் எண்ணும் அதில் இருக்கவேண்டும். எடுத்த போனை விற்றுவிடாதீர்கள், அழித்துவிடாதீர்கள். வழக்கறிஞரை முதல் நாளே பாருங்கள்.

மூன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 15ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. இச்சட்டத்தின்கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் எல்லாவற்றையும் வீடியோவில் பதிவு செய்யவேண்டும் என்று அதன் 10ஆம் உட்பிரிவு சொல்கிறது. இதை யாரும் தானாகச் செய்யமாட்டார்கள். கேட்கவேண்டும், எழுதிக் கொடுத்துக் கேட்கவேண்டும்.

நான்கு. இதுதான் கடினமானது. ஓவர் எக்ஸ்போஷர். வெளிச்சம் அளவுக்கு மீறினால் முகம் வெளுத்துக் கரைந்துவிடும். டிஜிட்டலில் இருட்டாக விழுந்ததைக்கூட ஓரளவு மீட்கலாம், ஒரேயடியாக வெளுத்துப்போனதை மீட்கவே முடியாது. சமூகத்திலும் அப்படித்தான். கொல்லப்பட்ட நம் பிள்ளைகளின் சிதைந்த உடலை எல்லார் செல்போனிலும் சுற்ற விடுகிறோம். கோபத்தில்தான் செய்கிறோம். நீதிமன்றத்துக்கு வேண்டிய படம் வேறு, சுவரொட்டிக்கு வேண்டிய படம் வேறு என்பதை மறக்கக்கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு தடுக்கிறது. குழந்தையென்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேர்ந்து தடுக்கிறது. சட்டம் சொல்வதால் மட்டும் இல்லை. "எம்புள்ளய இப்படியா ஊரு பாக்கணும்" என்று ஒரு தாய் கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? யாரை எவ்வளவு வெளிச்சத்தில் காட்டுவது என்பதில் கடைசி வார்த்தை அவர்களுடையதாக இருக்கவேண்டும்.

அய்ந்து. சாவு நடந்தால்தான் சேரிக்குக் கேமரா வருகிறது என்ற நிலையை உடைக்கவேண்டும். சுவரொட்டிக்குப் படம் கேட்டால் பல வீடுகளில் ரேசன் கார்டுக்கோ கல்லூரிக்கோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றைத்தான் தேடி எடுத்துத் தருகிறார்கள். உயிரோடு இருக்கும்போது எடுங்கள். கல்யாணத்தை எடுங்கள், பறையடிக்கிறதை எடுங்கள், பிள்ளை பட்டம் வாங்குவதை எடுங்கள், சண்டை போட்டுவிட்டுச் சிரிப்பதை எடுங்கள். எடுத்ததைப் பிரிண்டு போட்டு அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த எம். பழனிக்குமார், தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் ஆண்டுக்கணக்கில் படமெடுத்து வருகிறவர். அவர் அதோடு நிற்காமல் அந்த மக்களின் பிள்ளைகளுக்குப் படம் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார். மலக்குழியில் இறந்தவரின் மகள் தன் வீட்டைத் தானே எடுக்கும்போது அளவை அவளே போடுகிறாள். நாம் போய்ச்சேரவேண்டிய இடம் அது.

பழைய கருப்புவெள்ளைப் பிலிம்காரர்களிடம் ஒரு விதி இருந்தது. நிழலை அளந்து எக்ஸ்போஸ் பண்ணு, வெளிச்சத்தைப் பிறகு டெவலப் பண்ணும்போது கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்பார்கள். நிழலில் விவரம் பதியாமல் போனால் பிறகு எந்த மருந்திலும் அதை வரவழைக்க முடியாது என்பது அவர்கள் அனுபவம். டிஜிட்டலில் இந்த விதி தலைகீழ், வெளிச்சம் எரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று சொன்னேன். ஆனால் அந்த விதியின் கேள்வி மட்டும் நமக்கு வேண்டும். எந்த இடத்தில் நின்று அளக்கிறாய்? மாவின் மேலா, முகத்தின் மேலா? ஊரில் நின்றா, சேரியில் நின்றா?

சரி, நேரமாகிறது. இப்போது இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து போங்கள். மில்லு வேலை முடிந்து வருகிறவர்கள் இருப்பார்கள், சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் இருப்பார்கள், நம் காலனியில் பெரியவர்கள் இருப்பார்கள். முதலில் உட்கார்ந்து பேசுங்கள், நீங்கள் யார் என்று சொல்லுங்கள், அக்கா, எடுக்கலாமா, அய்யா, எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆளுக்கு அய்ந்து படம் போதும். ஒவ்வொரு படத்தோடும் ஒரு தாளில் மூன்று விவரம் எழுதிக்கொண்டு வரவேண்டும். படத்தில் இருப்பவர் தன் பெயரை எப்படிச் சொன்னார், படத்தை எங்கே காட்டலாம் என்றார், நீங்கள் எதை அளந்து எக்ஸ்போஷர் வைத்தீர்கள். மாலை அய்ந்து மணிக்கு எல்லாப் படத்தையும் சுவரில் போட்டுப் பார்த்து விவாதிப்போம்.